பல்லில் ஏறிய பஞ்சு: பட்டை இழுக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், உடுமலை வட்டாரத்து நூல் கிடங்குகளிலும், சாய ஆலை ஸ்டோர்களிலும், பனியன் வேஸ்ட் குடோன்களிலும், ஏற்றுமதி டெஸ்பாட்ச் பிரிவுகளிலும் பேலட்டுக்குப் பட்டை இழுத்துக் கட்டும் தோழர்களுக்கு,



நீங்கள் வேலை செய்யும் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் கவனிக்க ஆள் இருக்கிறது. நிட்டிங் மெஷினுக்கு ஊசி எண்ணெய் உண்டு, பஞ்சு படியாமலிருக்கத் தலைக்கு மேல் விசிறி சுழல்கிறது, ஷிஃப்ட் மாறும்போது காற்றடித்துத் துடைக்கிறார்கள். ஓவர்லாக் மெஷின் தையல் விட்டால் மெக்கானிக் ஓடி வருகிறார். கம்ப்ரஸர் மேல் அடுத்த சர்வீஸ் தேதி எழுதி ஒட்டியிருக்கிறது. பட்டையை இழுத்து இறுக்க உங்கள் கையில் இருக்கும் டென்ஷனருக்கு மட்டும் இவற்றில் எதுவும் கிடையாது. தூணில் அடித்த ஆணியில் தொங்கும். வேண்டியவர் எடுப்பார், முடிந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார். அது பிடிக்காமல் போகும்போது, "பழசாயிடுச்சுங்க" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்போம்.

ஒரு டன் சரக்கை லாரியில் நிலையாக உட்கார வைப்பது அந்தச் சிறு கருவிதான். அதன் இழுவிசை உங்கள் தோளிலிருந்து வருவதாகத் தோன்றும். தோள் எவ்வளவு தள்ளினாலும், பட்டையைக் கவ்விப் பிடிப்பது கருவிக்குள் இருக்கும் பல்தான். பல் வழுக்கினால் பட்டையில் இறுக்கம் ஏறாது. பஞ்சு பறக்கும் நம் வட்டாரத்தில் அந்தப் பல்லை முதலில் கெடுப்பதும் பஞ்சுதான். இதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் கைக் கருவிக்கு எங்கே வேலை என்று பார்ப்போம். பனியன் அடுக்கிய அட்டைப்பெட்டிக்கு மெல்லிய பிபி பட்டையும் மேசை மெஷினும் போதும். கை டென்ஷனர் கனமான சரக்குக்கானது. கோன் ஒன்றுக்கு 1.89 கிலோ வீதம் 24 கோன் போட்ட நூல் பெட்டி 45 கிலோவைத் தாண்டும். அப்படி 20 பெட்டியை ஒரு பேலட்டில் ஏற்றினால் 900 கிலோவுக்கு மேல். சாய ஆலைக்கு வரும் பெராக்சைடு டிரம், மரச்சட்டத்தில் உட்கார்த்திய நிட்டிங் மெஷின், ஓப்பன் எண்ட் மில்லுக்கு மறுசுழற்சிக்காகப் போகும் கட்டிங் வேஸ்ட் பேல் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை.

இந்தச் சரக்கு போகும் வழியை நினைத்துப் பாருங்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 300 கிலோமீட்டர். வேகத்தடையில் ஏறி இறங்க வேண்டும், வளைவில் சாய வேண்டும், திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டும். சரக்குப் பெட்டகங்களில் ஏற்றிக் கட்டுவதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் சேர்ந்து 2014-இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டன. சாலையில் பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத அளவு விசையோடு முன்னால் தள்ளும் என்று எடுத்துக்கொண்டு கட்ட வேண்டும் என்கிறது அது. அலை கடுமையான கடற்பகுதிகளில் பக்கவாட்டிலும் அதே அளவு. அதாவது 900 கிலோ பேலட் ஒன்று 700 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு நகரப் பார்க்கும். பெட்டகத்துக்குள் மரக்கட்டையும் காற்றுப் பையும் வைத்து அதைத் தடுப்பது ஏற்றுபவர் வேலை. அந்தத் தடுப்பு பயன்பட வேண்டுமென்றால் இருபது பெட்டியும் பேலட்டும் ஒரே உடலாக நிற்க வேண்டும். அப்படி நிற்க வைப்பது உங்கள் வேலை. மேலே சுற்றும் ஸ்ட்ரெச் ஃபிலிம் தூசியையும் ஈரத்தையும் தடுக்கும், பெட்டிகளை ஓரளவு சேர்த்துப் பிடிக்கும். கனமான சரக்கைப் பேலட்டோடு அழுத்திப் பிடிக்கப் பட்டை வேண்டும்.

எந்தப் பட்டை என்பதிலும் கவனம் வேண்டும். பிபி பட்டை மலிவு. ஆனால் இழுத்துக் கட்டிய சில மணி நேரத்திலேயே அதன் இறுக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். இரும்புப் பட்டை உறுதியானது, நீளாது. நீளாததே நூல் சரக்கில் அதற்குக் குறை. பெட்டிக்குள் கோன்கள் குலுங்கிக் குலுங்கி மட்டம் இறங்கும். ஒரு விரல் அளவு இறங்கினாலும் இரும்புப் பட்டை கூடவே சுருங்காமல் தொளதொளத்து நிற்கும். பாலியெஸ்டர் பட்டை இழுக்கும்போது கொஞ்சம் நீளும், சரக்கு இறங்கும்போது தானே சுருங்கித் தொடர்ந்து பிடிக்கும். அதனால் நூல் பேலட்டுக்குப் பாலியெஸ்டர்தான் பொருத்தம். கூரான விளிம்பும் அசையாத உடலும் கொண்ட இயந்திரச் சரக்குக்கு இரும்பு. ஒன்றுக்குரிய டென்ஷனரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். இரும்புக்கான பல் பாலியெஸ்டரைக் கடித்துக் குதறிவிடும். பிளாஸ்டிக்குக்கான பல் இரும்பில் மழுங்கிப்போகும். பட்டையின் அகலமும் கனமும் கருவியில் பொறித்திருக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

இனிக் கருவிக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்போம். நம் குடோன்களில் அதிகம் புழங்கும் வகையில் மேலே ஒரு பல் சக்கரம், கீழே பல் வெட்டிய சிறு தட்டு. சுற்றி வந்த பட்டையின் நுனி கீழே, ரோலிலிருந்து வரும் பட்டை மேலே என்று இரண்டு அடுக்கு இவற்றுக்கு நடுவில் போகும். கீழ்த்தட்டு நுனியை நகரவிடாமல் பிடிக்கும். மேல் சக்கரம் ரோல் பக்கத்துப் பட்டையை இழுக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டும்போது சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும். கைப்பிடியைத் திரும்பக் கொண்டுவரும்போது சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் ஸ்பிரிங் தாங்கிய ஒரு சிறு நாக்கு தடுத்து நிற்கும். மேல் சக்கரம், கீழ்த்தட்டு, தடுப்பு நாக்கு, ஸ்பிரிங் ஆகிய நான்கும் சுத்தமாக இருந்தால் கருவி பல வருடம் உழைக்கும்.

நம் ஊர்க் காற்றில் பஞ்சு எப்போதும் மிதக்கிறது. நூல் பெட்டியிலிருந்தும், துணி வெட்டும் மேசையிலிருந்தும், வேஸ்ட் குடோனிலிருந்தும் பறக்கும் நுண்ணிய இழை எண்ணெய் பட்ட எந்த இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். "டைட்டா இருக்குதுங்க" என்று யாரோ ஒருவர் டென்ஷனர் முழுக்க எண்ணெய் ஊற்றுகிறார். அந்த எண்ணெயில் பஞ்சு ஒட்டுகிறது. பட்டையிலிருந்து உரியும் பிளாஸ்டிக் தூளும் அதோடு சேர்கிறது. பட்டை போகப் போக அழுத்தம் ஏறி அந்தக் கலவை கம்பளித் துணியைப் போலக் கெட்டியாகிப் பற்களின் இடுக்கை நிரப்பிவிடுகிறது. பார்க்கப் பல் இருக்கும். பட்டையில் பதிய ஆழம் இருக்காது. பலரும் "பல் தேஞ்சிடுச்சு" என்று ஒதுக்கி வைக்கும் டென்ஷனர்களை ஒருமுறை பித்தளைப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். தேயாத பல் அடியில் இருந்து வெளிப்படும்.

கருவி தன் கோளாறைத் தானே காட்டிக்கொடுக்கும். கைப்பிடியைத் தள்ளும்போதே பட்டை வழுக்கி, அதன்மேல் சீவல் சீவலாகப் பிளாஸ்டிக் உரிந்தால் பல் அடைத்திருக்கிறது, அல்லது உண்மையிலேயே மழுங்கியிருக்கிறது. தள்ளும்போது ஏறி, கைப்பிடியைத் திரும்ப இழுக்கும்போது பட்டை பின்னால் நழுவினால் கோளாறு தடுப்பு நாக்கிலோ அதன் ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. சக்கரத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பட்டை ஒரு பக்கமாக விலகி ஓடினால் இரண்டு அடுக்கும் நேராக உட்காரவில்லை, அல்லது கீழ்த்தட்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கருவிக்குள்ளேயே பட்டை அறுந்தால் இழுவை மிஞ்சிவிட்டது, அல்லது அளவு தவறிய பட்டை. கருவியில் பட்டையை வெட்டும் பிளேடு அறுக்காமல் கிழித்தால் பிளேடு மொக்கை. இந்த ஐந்தையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குக் கருவியைக் கடைக்கு அனுப்பும் தேவை அரிதாகவே வரும்.

பல் வழுக்கும் கருவியோடு மல்லுக்கட்டுபவர்கள் கடைசியில் வந்து சேரும் பழக்கம் ஒன்று உண்டு. கைப்பிடியில் ஒரு ஜிஐ பைப்பைச் சொருகி நீளமாக்கி இழுக்கிறார்கள். தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். கைப்பிடியின் நீளம், ஒரு மனிதர் சாதாரணமாகத் தள்ளினால் பட்டை தாங்கும் இழுவைக்குள் நிற்கும்படி கணக்கிட்டு வைத்தது. பைப் அந்தக் கணக்கை உடைக்கிறது. தடுப்பு நாக்கின் முனை உடையலாம், பட்டை அறுந்து முகத்தை நோக்கி வரலாம், பல் திடீரென்று விட்டு நீங்கள் பின்னால் மல்லாக்க விழலாம். பைப் தேவைப்படுகிறது என்றாலே கருவியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறையையும் ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பல வருடமாகக் கட்டுபவர்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாகச் சேரும் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும்.

முதலில் பேலட்டைப் பாருங்கள். அடிப்பலகை உடைந்திருந்தால், ஆணி வெளியே வந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பட்டையைப் பேலட்டின் அடிப்பலகை வழியாக நுழைத்து மேலே கொண்டுவாருங்கள். பெட்டிகளை மட்டும் சுற்றிக் கட்டினால் பேலட் தனியாகவும் சரக்கு தனியாகவும் போகும். மூலைகளில் கெட்டி அட்டைக் காப்பு வையுங்கள். அது பெட்டியின் விளிம்பு நசுங்காமல் காக்கும், விளிம்பில் பட்டை அறுபடாமலும் காக்கும். பட்டையில் முறுக்கு இல்லையென்று கையால் தடவிப் பாருங்கள். டென்ஷனர் மட்டமான பரப்பில் உட்கார வேண்டும். சக்கர வகைக் கருவியின் அடித்தட்டு பட்டைக்குக் கீழே இருப்பதால், உருண்டையான சரக்கில் அது சாய்ந்து நிற்கும், கட்டிய பிறகு வெளியே எடுக்கவும் வராது. உருளை வடிவச் சரக்குக்கும் ஒழுங்கற்ற மூட்டைக்கும் தள்ளி இழுக்கும் வேறு வகை டென்ஷனர் இருக்கிறது.

எவ்வளவு இறுக்குவது? பட்டை நிமிர்ந்து, மூலைக் காப்பில் பதிந்து, கையால் அழுத்தினால் கெட்டியாக எதிர்க்கும் அளவு. மூலை அட்டை மடங்கத் தொடங்கினால் மிஞ்சிவிட்டது. நூல் பெட்டியில் மிஞ்சிய இறுக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நசுங்கிய கோனிலிருந்து நூல் சீராக அவிழாது. நிட்டிங் மெஷினில் திரும்பத் திரும்ப அறும். நீங்கள் இங்கே அதிகமாக இழுத்த ஒரு பிடி, வேறொரு கம்பெனியில் ஒரு ஆபரேட்டரை ஷிஃப்ட் முழுக்க நூல் முடிச்சுப் போட வைக்கும்.

இறுக்கிய பிறகு கிளிப். மூடிய வகைக் கிளிப்பை இழுப்பதற்கு முன்பே கோர்த்துவிட வேண்டும். திறந்த வகையைப் பிறகு மேலிருந்து மாட்டலாம். பாலியெஸ்டருக்கு உட்பக்கம் சொரசொரப்பான கிளிப்தான் சரி, வழவழப்பானது வழுக்கும். கிளிப்பை அழுத்தி மடிக்கும் சீலரின் இரண்டு கைப்பிடியும் முழுதாகச் சேரும்வரை அழுத்துங்கள். கட்டில் எப்போதும் பலவீனமான இடம் கிளிப் போட்ட இணைப்புதான். பட்டை எவ்வளவு தாங்குமோ அந்த அளவு கிளிப் இணைப்பு தாங்காது. ஆகவே பட்டைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நேராக இருக்கின்றனவா, மடிப்பு இரு பக்கமும் முழுமையாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கிளிப்பையும் பாருங்கள். அரைகுறையாக அழுந்திய கிளிப்பை அப்படியே விடாதீர்கள். வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். கனமான பேலட்டில் இரண்டு கிளிப் போடுவது வீண் செலவு ஆகாது.

இழுக்கும்போதும் வெட்டும்போதும் பட்டையின் நேர்கோட்டில் நிற்காதீர்கள். பக்கவாட்டில், ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள். முகத்தைக் கிளிப்புக்கு நேராகக் குனிந்து கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி போடுங்கள். கண்ணைக் காப்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 35-ஆவது பிரிவாக எழுதப்பட்ட விஷயம். இரும்புப் பட்டைக்குக் கெட்டியான கையுறை வேண்டும். அதன் விளிம்பு பிளேடு போன்றது.

வேஸ்ட் குடோன் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரஸ்ஸில் அழுத்திக் கட்டிய பேல், கட்டை அவிழ்க்கும் கணத்தில் விரிந்து எழும். அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையோ கம்பியோ அறுபட்டவுடன் சாட்டையாக வீசும். அரிவாளாலும் உளியாலும் நெம்பி அதை வெட்டாதீர்கள். இதற்கென்றே நீண்ட கைப்பிடி உள்ள பட்டை வெட்டி இருக்கிறது. பக்கத்தில் நின்று, வெட்டும் இடத்துக்கு இரு பக்கமும் ஆளில்லை என்று பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுங்கள். லோடுமேன் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கொக்கியைப் பட்டையில் மாட்டிச் சரக்கைத் தூக்காதீர்கள், இழுக்காதீர்கள். பட்டை சுமையைத் தூக்குவதற்காகப் போட்டதல்ல. ஒருமுறை கொக்கி பட்டு ஓரம் கிழிந்த பட்டை மதுரையைத் தாண்டுவதற்குள் விட்டுவிடக்கூடும்.

இப்போது பராமரிப்பு. சனிக்கிழமை நம் ஊருக்குச் சம்பள நாள். சம்பளக் கவர் வரும் முன்னர் பத்து நிமிடத்தை டென்ஷனருக்கு ஒதுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் காற்றடியுங்கள். அதற்கான லைன் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. பிறகு பித்தளைப் பிரஷால் சக்கரப் பல்லையும் கீழ்த்தட்டுப் பல்லையும் வரிவரியாகத் தேயுங்கள். கெட்டிப்பட்ட அழுக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ் போதும்; தேய்த்த பின் துணியால் துடைத்து, காற்றடித்து, நன்றாக உலரவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், பஞ்சுக் கிடங்கில் அது நெருப்பை அழைக்கும். எண்ணெய் என்றால் கைப்பிடியின் அச்சிலும் தடுப்பு நாக்கின் அச்சிலும் ஒவ்வொரு சொட்டு மட்டும். பல்லில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பட்டையைப் போட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, ஸ்குரூ ஆடுகிறதா, கைப்பிடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டை போடாமல் கைப்பிடியை வெறுமனே ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று மோதி இரண்டும் மழுங்கும்.

சக்கரத்தையும் கீழ்த்தட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் சக்கரத்தைத் தேய்ந்த தட்டோடு ஓடவிட்டால் பிடிப்பு சமமாக விழாது. சீலரின் தாடையையும் மறக்க வேண்டாம். அது தேய்ந்தால் டென்ஷனர் எவ்வளவு நன்றாக இழுத்தாலும் கிளிப் விட்டுவிடும். பட்டை ரோலை வெயிலில் போடாதீர்கள். வெயில் பிளாஸ்டிக் பட்டையை நொறுங்க வைக்கும். மழையும் ஈரத்தரையும் இரும்புப் பட்டையைத் துருவேற்றும்.

இதெல்லாம் பேலட் கட்டுபவர் மட்டும் முடிவெடுத்து நடக்கும் காரியமல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் சூப்பர்வைசர்களுக்கும் முதலாளிமார்களுக்கும் இந்த மடலின் இப்பகுதி. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அதில் ஒவ்வொரு சரக்கும் கடைசியாக ஒரு பேக்கிங் தொழிலாளியின் கையைக் கடந்துதான் வெளியே போகிறது. ஒவ்வொரு டென்ஷனருக்கும் மாற்றுச் சக்கரம், கீழ்த்தட்டு, ஸ்பிரிங், பிளேடு வாங்கி ஸ்டோரில் வையுங்கள். ஒரு பேலட் சரிந்து திரும்பி வரும் செலவோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகச் சிறியது. கண்ணாடியையும் கையுறையையும் பூட்டி வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உங்கள் குடோனில் பட்டை இழுக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பலகை உதவாது. அவர்கள் மொழி தெரிந்த மூத்த தொழிலாளி ஒருவரை வைத்து, கையில் கருவியைக் கொடுத்து, முதல் நாளே செய்து காட்டச் சொல்லுங்கள். லாரி காத்து நிற்கிறது என்று அவசரப்படுத்தி அரைகுறைக் கிளிப்போடு அனுப்பச் சொல்லாதீர்கள். "இந்தக் கட்டு சரியில்லீங்க, திரும்பக் கட்டணும்" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அந்தப் பேச்சுக்கு இடம் கொடுங்கள்.

தோழர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு டென்ஷனருக்கும் ஒரு பொறுப்பாளரை உங்களுக்குள் தேர்ந்தெடுங்கள். கைப்பிடியில் அவர் பெயரைப் பெயின்ட்டில் எழுதுங்கள். சனிக்கிழமை துடைப்பது அவர், கோளாறை முதலில் சொல்வது அவர், பல் தேய்ந்தால் மாற்றுச் சக்கரம் கேட்டு வாங்குவதும் அவர். நிட்டிங் மெஷின் நன்றாக ஓடுவது அதை ஒருவர் தன் மெஷின் என்று நினைப்பதால்தான். அதே உரிமையோடு டென்ஷனரைப் பார்க்கத் தொடங்குங்கள். நீங்கள் கட்டிய பேலட் தூத்துக்குடியில் இறங்கும்போது எப்படி இருக்கிறது என்று டிரைவரிடமும் ஏஜென்டிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் அங்கே எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டு நின்றது, எது தளர்ந்தது என்று அந்தப் படம் சொல்வதை வைத்து அடுத்த பேலட்டைக் கட்டுங்கள். வருகிற சனிக்கிழமையே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
டெஸ்பாட்ச் பிரிவில் உங்களோடு உழைத்த ஒரு தோழன்